இங்கே குடியிருப்பவர்கள்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் புஸ்பவதியைக் கதவடியில் நிறுத்திவிட்டு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை தம்பி சாந்தரூபன் மனைவியோடும் மகளோடும் இரண்டு பெரிய பைகளோடும் வந்து இறங்கியதும், ஒரு சோடிச் செருப்பு மட்டும் கிடந்த இடத்தில் நாலு சோடியைப் பார்த்து அவள் அழுததும் உங்களுக்கு நினைவிருக்கும். கோபம் ஆறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். பாவம். அவர்கள் வந்தது கார் பாசுக்காக.

அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த வாரம்தான் புதிதாக வாசிப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

இத்தாலியின் சிச்சிலித் தீவில், பலெர்மோ நகரத்து ஒரேத்தோப் பக்கம், ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்த தெருவில், நாலாம் மாடியில் இருக்கிறது புஸ்பவதியின் வீடு. காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்குகிறவர்களின் கார்களால் அந்தத் தெருவில் ஒரு சைக்கிளைச் செருகவும் இடம் கிடையாது. அதனால் நகரசபை கோடு போட்டு, அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் பாஸ் கொடுத்திருக்கிறது. சாந்தரூபனின் கார்க் கண்ணாடியில் அந்தப் பாஸ் இருக்கிறது. நகரசபைப் பதிவின்படி அவனும் நிசாந்தியும் ஆறு வயது நிலக்சியும் அக்கா வீட்டில்தான் குடியிருக்கிறார்கள்.

உண்மையில் அவர்கள் இருப்பது நகரத்து ஓரத்தில் சியாகுல்லியில், அவன் மண்டரின் தோடம்பழம் பிடுங்கும் தோட்டத்துக்குள், முதலாளி கொடுத்த இரண்டு அறையில். முதலாளி அறையைத் தருவார். அறை தந்திருக்கிறேன் என்று கையெழுத்து வைக்கச் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

எங்கள் ஆட்களுக்கு இது புதினமும் இல்லை. பதிவு ஒரு வீட்டில், படுக்கை இன்னொரு வீட்டில். "என்ரை வீட்டில பதியன்" என்று சொல்வது இங்கே வந்தவருக்குச் சோறு போடுவது மாதிரி ஓர் உபகாரம். செய்கிறவரும் யோசிப்பதில்லை, பெறுகிறவரும் கூச்சப்படுவதில்லை. எத்தனையோ வீட்டில் பதிவில் எட்டுப் பேர் இருப்பார்கள், பானையில் ஒருவருக்குத்தான் சோறு இருக்கும்.

புஸ்பவதி வீடு அப்படித்தான் ஆகிப்போயிருந்தது. காலையில் நிசாந்தி சியாகுல்லியிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வருவாள். மச்சாளின் பல்கனிக்கு நேர் கீழே நிறுத்துவாள். நிலக்சியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அந்த வட்டாரத்து வீடுகளில் துப்புரவு வேலைக்குப் போவாள். ஒரு மணிக்குப் பிள்ளையை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். காலை முழுக்கக் கார் வாசலில் நிற்கும். ஆள் ஒருநாளும் படியேறாது.

ஏன் ஏறுவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒன்றரை வருடத்துக்கு முந்தி ஒரு பிறந்தநாள் மண்டபத்தில் புஸ்பவதி நாலு பெண்களுக்கு நடுவில் இருந்து சொன்னாள், "அகதிக் காம்பில இருந்து வந்த பிள்ளைதானே. கரண்டி பிடிக்கிறதில இருந்து நான்தான் பழக்கினனான்." பின்னால் கோப்பைத் தட்டோடு நின்ற நிசாந்தி கேட்டுவிட்டாள். சண்டை பிடிக்கவில்லை. அதுவரை எல்லாரும் ஒன்றாக இருந்த அந்த வீட்டை விட்டு அந்த மாதமே மாறிவிட்டாள்.

இப்போது எப்படி வந்தார்கள்? பாஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் உண்மையில் அங்கே குடியிருக்கிறார்களா என்று பார்க்க, நகரசபைப் பொலிஸ்காரர், அதாவது வீஜிலே, வீடு வீடாக ஏறுகிறார் என்று கீழ்வீட்டு இத்தாலியக்கார சிஞ்ஞோரா சொன்னாள். பிடிபட்டால் பாஸ் போகும். பாஸ் போனால் தொலைகிறது. ஆனால் அதோடு பதிவையும் வெட்டிவிடுவார்கள். வருகிற சித்திரையோடு சாந்தரூபனுக்கு இத்தாலியில் பத்து வருடம் முடிகிறது, குடியுரிமைக்கு எழுதிப்போட இருக்கிறான். பதிவு நடுவில் அறுந்தால் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே வீஜிலே வந்து பார்க்கும் வரைக்கும் எல்லாரும் அக்கா வீட்டில். வந்து பார்த்த அன்றே திரும்பிப் போவதென்று பேச்சு. புஸ்பவதி அந்த மனிதர் வராமலே இருக்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தாள்.

புதன்கிழமை விடியும்போது கீழே அருளையாவின் வான் ஹோர்ன் அடித்தது. தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வான்.

"அக்கா, இண்டைக்கு எப்பிடியும் வருவாங்கள். வெளியிலை கிளியிலை போயிடாதேங்கோ," என்றான் சாந்தரூபன், சப்பாத்துக் கயிறைக் கட்டிக்கொண்டே.

"நான் எங்கையடா போறது? எனக்கு இடுப்புப் பிடிப்பெண்டு வேலைவீட்டுச் சிஞ்ஞோராவுக்குப் பொய் சொல்லிப்போட்டெல்லோ வீட்டில நிக்கிறன்."

"வந்த உடனை எனக்குப் போன் அடியுங்கோ."

"ஓமோம். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தனியே?"

எடுத்திருந்தான். அவனுக்கு ஒன்பது வயதில் தாயும் தகப்பனும் இல்லாமல் போனபோது பள்ளிக்கூடப் பையில் சோறு கட்டி வைத்தவள் இவள்தான். பிறகு இத்தாலிக்கு வந்து, தனக்கென்று ஒன்றும் பார்க்காமல், அவனைக் கூப்பிட்டாள். அவனுக்குப் பெண்ணும் பார்த்துக் கட்டிவைத்தாள். இத்தனையும் செய்த வாயால்தான் மண்டபத்தில் அதையும் சொன்னாள். நல்லது செய்கிறவர்களுக்கு அதை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை, என்ன செய்ய?

எட்டு மணிக்கு நிசாந்தி நிலக்சியின் தலையை இழுத்து வைத்துப் பின்னினாள். "வாறம் மச்சாள்," என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனாலும் சொன்னாள். நிலக்சி படியில் இறங்கிக்கொண்டே, "மாமி, தொமானியும் இஞ்சை படுக்கலாமோ?" என்று கத்தினாள். நாளைக்கு என்று அவளுக்கு வாயில் வராது, தொமானிதான்.

"படுக்கலாம் குஞ்சு," என்றாள் புஸ்பவதி, யாரிடமும் கேட்காமல்.

அவர் பத்தரைக்கு வந்தார்.

மணியடித்தபோது புஸ்பவதி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால், தொப்பியைக் கையில் பிடித்தபடி, நாலு மாடி ஏறிய இளைப்பில் பேச்சு வராமல் நிற்கிறார் வீஜிலே. ஐம்பது வயது இருக்கும். முழங்காலைத் தடவிக்கொண்டார். அவள் கதிரை இழுத்துப் போட்டு, கேட்காமலே பால் தேத்தண்ணி வைத்தாள்.

"இங்கே எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள், சிஞ்ஞோரா?" என்று இத்தாலிய மொழியில் கேட்டார்.

"நாலு பேர்."

"இப்போது நீங்கள் மட்டும்தானே இருக்கிறீர்கள்?"

"தம்பி வேலைக்கு. மச்சாள் வேலைக்கு. பிள்ளை பள்ளிக்கூடம். ஒரு மணிக்கு வந்தால் இந்த வீட்டில் நிற்க இடம் இருக்காது."

அவர் எழுந்து பார்த்தார். சாந்தரூபன் திங்கட்கிழமையே எல்லாம் காட்சிக்கு வைத்திருந்தான். குளியலறையில் பல் தூரிகைகள், கதவடியில் சப்பாத்து, குளிர்சாதனப் பெட்டியில் பிள்ளையின் படம். ஆனால் மூன்று நாளில் காட்சி கலைந்து குடித்தனம் ஆகியிருந்தது. பற்பசைக்கு மூடி இல்லை. நிலக்சியின் போர்வை சோபாவிலிருந்து நிலத்துக்கு வழிந்து கிடந்தது. பல்கனிக் கொடியில் தம்பியின் வேலைக் காற்சட்டையும் நிசாந்தியின் இரவுச் சட்டையும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன.

"ஒவ்வொரு இரவும் இங்கேதான் படுக்கிறார்களா?"

"ஒவ்வொரு இரவும்," என்றாள். மூன்று இரவைப் பொறுத்தவரையில் அது பொய்யல்ல. அவளுக்கு நான்காவது இரவையும் சேர்த்துச் சொல்லிவிட ஆசையாக இருந்தது.

வீஜிலே தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "எல்லாம் ஒழுங்கு, சிஞ்ஞோரா. இனி உங்களுக்குத் தொந்தரவு தரமாட்டோம்."

"இனி வரவே மாட்டீர்களா?"

"ஏன் வரவேண்டும்?"

"இல்லை... அடுத்த கிழமையும் ஒருமுறை பார்த்தால் நல்லதுதானே. ஆட்கள் ஏமாற்றுவார்கள்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லாரும் என்னை வரவேண்டாம் என்றுதான் மன்றாடுவார்கள். நீங்கள்தான் முதல் ஆள்," என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

புஸ்பவதி போனை எடுத்தாள். தம்பியின் பெயரைத் திரையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அடித்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பின்னேரமே பை கட்டுவார்கள். நாளைக்கு அவள் ஒரு முட்டையைப் பொரித்து அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவாள். தொலைக்காட்சியில் யாரோ சண்டை பிடிப்பதைச் சத்தம் கூட்டி வைத்துவிட்டு வேறு அறையில் இருப்பாள். "போயிட்டு வாறன்" என்று சொல்ல ஆளில்லாமல் கதவைப் பூட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசாமல் இருந்து, திங்கட்கிழமை சிஞ்ஞோராவுக்கு வணக்கம் சொல்லும்போது குரல் கரகரக்கும். அதைக் கேட்டு சிஞ்ஞோரா, தடிமன் பிடித்ததா என்பாள்.

இன்னும் ஒரே ஒரு நாள். அதில் யாருக்கு என்ன குறைந்துபோகும்?

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னும் இரண்டு கத்தரிக்காய் எடுத்து வெட்டினாள்.

ஒன்றேகாலுக்கு நிசாந்தியும் நிலக்சியும் வந்தார்கள். நிசாந்தி சப்பாத்தைக் கழற்றியபடி கேட்டாள்.

"ஆரும் வந்தவையோ, மச்சாள்?"

"இல்லை."

"ஒருத்தரும் வரேல்லையோ?"

"இல்லை எண்டுறன். கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ, சோறு ஆறுது."

நிசாந்தி ஒரு கணம் அப்படியே குனிந்து நின்றாள். பிறகு, "ஓம்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

அன்று மத்தியானத்தைப் போல ஒரு மத்தியானம் அந்த வீட்டில் நெடுநாளாக இல்லை. நிலக்சி கத்தரிக்காய்ப் பொரியலை இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் தன் பெயரைச் சொல்லத் தெரியாமல் "லக்சி, லக்சி" என்று கூப்பிடுகிறான் என்று சிச்சிலிக்காரப் பிள்ளைகள் மாதிரியே கையை வீசி வீசி முறையிட்டாள். நிசாந்திக்கே சிரிப்பு வந்தது. கோப்பைகளைக் கழுவும்போது, "நீங்கள் இருங்கோ, நான் பாக்கிறன்," என்று அவள் புஸ்பவதியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். புஸ்பவதி கதிரையில் உட்கார்ந்து, தன் அடுப்படியில் இன்னொரு பெண்ணின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னது கொஞ்சமும் உறுத்தவில்லை. உறுத்தியிருக்க வேண்டும்தான். நான் உள்ளதைச் சொல்கிறேன்.

சாந்தரூபன் ஆறு மணிக்கு வந்தான். உடம்பெல்லாம் மண்டரின் இலை மணம்.

"அக்கா?"

"ஒருத்தரும் வரேல்லையடா."

"என்ன விசர்க் கதை இது!" அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "நாளைக்கு நான் வீட்டில நிக்கப்போறன். என்ரை பேரிலைதானே பாஸ். நான் நிண்டு கதைச்சால் நல்லம்."

"வேலை?" என்றாள் நிசாந்தி.

"போகேல்லை."

"கடைசிப் பறிப்பெல்லோ. வராமல் நிக்கிற ஆக்களை முதலாளி வேலையால வெட்டுறானெண்டு அருளையா அண்ணை சொன்னவர்."

"வெட்டினால் வெட்டட்டும். பத்து வருசத்தை விட்டிட்டு நான் மண்டரினைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறதே?" அவன் போனை எடுத்தான். "அருளையா அண்ணைக்குச் சொல்லிவிடுறன்."

இனி வரப்போகாத ஒருவருக்காகத் தம்பி வேலையை விடப் போகிறான். அந்த இரண்டு அறையும் அந்த வேலையோடு சேர்ந்தது. புஸ்பவதி வாயைத் திறந்தாள். "ரூபன்" என்று சொல்ல வந்தாள். ஆனால் அதற்கு முந்தி நிசாந்தி பேசிவிட்டாள்.

"அடிக்காதேங்கோ. அந்த ஆள் வந்திட்டுது."

"என்ன?"

"மத்தியானம் கீழை, காரடியிலை கண்டனான். கண்ணாடியிலை பாசைப் பாத்துக்கொண்டு நிண்டவர். எல்லாம் ஒழுங்கு, இனி வரமாட்டம் எண்டவர். பிள்ளையை எடுக்கிற அவசரத்திலை... சொல்ல மறந்துபோனன்."

சாந்தரூபன் அவளையே பார்த்தான். "மறந்துபோனியோ? மூண்டு நாளா இதுக்காகக் காத்துக் கிடக்கிறம், நீ மறந்துபோனியோ? மூளை எண்டு ஒண்டு இருக்கே உனக்கு? நான் இப்ப அடிச்சிருந்தால் நாளைக்கு நடுத்தெருவிலையெல்லோ நிண்டிருப்பம்!"

"ஓம். பிழைதான்," என்றாள் நிசாந்தி.

அவன் விடவில்லை. களைப்பு, மூன்று நாள் பயம், எல்லாம் சேர்ந்து அவள் தலையில் இறங்கியது. நிலக்சி சோபாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். புஸ்பவதி அடுப்படி வாசலில் நின்றாள். "அவளைப் பேசாதை" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

பை கட்ட அதிக நேரம் பிடிக்கவில்லை. குளியலறையில் நிசாந்தி பல் தூரிகைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது புஸ்பவதி பின்னால் போய் நின்றாள்.

"உனக்கு முதலே தெரியுமோ, பிள்ளை?"

"உங்கடை தேத்தண்ணி நல்ல ருசியெண்டு சொன்னவர் அந்த ஆள்." நிசாந்தி திரும்பவில்லை. "நீங்கள் இல்லை எண்டு சொல்லேக்கையே தெரியும்."

"பிறகேன் அவனுக்குச் சொல்லேல்லை?"

"இண்டைக்கும் இஞ்சை படுப்பம் எண்டுதான். அங்கை இருட்டினால் தோட்டமும் நாயும்தான், மச்சாள். அவர் வந்து சாப்பிட்ட உடனை நித்திரை. கதைக்க ஒரு சனம் இல்லை."

புஸ்பவதிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப நில்லுங்கோவன். இஞ்சையே நில்லுங்கோவன், பிள்ளை. எனக்கும் தனிய இருக்க ஏலாமல் கிடக்கு."

நிசாந்தி இப்போதுதான் திரும்பினாள். கோபமில்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

"நாளைக்கு ஆரும் வீட்டுக்கு வருவினம். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பன். நான் உள்ளுக்குப் போன பிறகு என்னை ஆரெண்டு சொல்லுவியள், மச்சாள்?"

ஒரு சொல் போதும். பிழை விட்டிட்டன் என்று ஒரு சொல். இருபது வருடம் சிஞ்ஞோராமாரிடம் செய்யாத பிழைக்கெல்லாம் மன்னிப்புக் கேட்ட வாய்தான் அது. இன்றைக்கு அது திறக்கவில்லை. நிசாந்தி தூரிகைகளைப் பையின் பக்கப் பொக்கற்றில் செருகினாள்.

"போயிட்டு வாறம்," என்றார்கள். நிலக்சி மட்டும் அழுதாள். கீழே கார் கிளம்பிய சத்தம் கேட்டது. அது தெருமுனையைத் தாண்டுமுன்பே அந்த இடத்தில் வேறு யாரோ காரைக் கொண்டுவந்து விட்டார்கள்.

புஸ்பவதி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். இரவுக்கென்று நாலு பேருக்கு அவித்த புட்டு மூடியபடி இருந்தது. நிசாந்தி தலைகுனிந்து "ஓம், பிழைதான்" என்று சொன்னது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. கரண்டி பிடிக்கத் தான் பழக்கியதாகச் சொன்ன பிள்ளை அது. வெட்கம் என்றால் இப்படி இருக்கும் என்று அவளுக்கு இவ்வளவு வயதில் தெரிந்தது.

போனை எடுத்தாள். இந்த முறை யோசிக்கவில்லை.

"ஓம் மச்சாள்?" நிசாந்திதான் எடுத்தாள்.

"ரூபனிட்டைக் குடு."

"அவர் கார் ஓடுறார். ஸ்பீக்கரிலைதான் கிடக்கு. சொல்லுங்கோ."

"என்னக்கா, என்னத்தையும் விட்டிட்டு வந்திட்டமோ?" என்று தம்பியின் குரல் கேட்டது.

"ரூபன்... அவளைப் பேசாதையடா. அந்த ஆள் காலமையே வீட்டை வந்தது. என்னட்டைத்தான் கதைச்சது. அவள் மறக்கேல்லை. நான்தான் உங்களுக்கு மறைச்சனான்."

"ஏனக்கா?"

"சொன்னால் போயிடுவியள்."

மற்றதையும் இப்போதே சொல்ல வேண்டும், விட்டால் பிறகு ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது. "நிசாந்தி..." என்று தொடங்கினாள். "அண்டைக்கு மண்டபத்திலை..."

கார் ஓரம் கட்டும் சத்தம் கேட்டது. எஞ்சின் நின்றது. பின்னால் வந்த வாகனம் ஒன்று கத்திக்கொண்டு கடந்து போனது.

"சொல்லுங்கோ மச்சாள்," என்றாள் நிசாந்தி. "கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம்."